நீச்சல்குளத்துப் பம்ப் அறையில் வால்வு கசிந்தால்: புதியவர்களுக்கான வழிகாட்டி

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் இன்று நீச்சல்குளம் இருக்கிறது. ஆனால் அதன் பம்ப் அறைக்குள் இருக்கும் வால்வுகளில் எது எதற்கு என்று கேட்டால், குடியிருப்போர் சங்கத்தில் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. குளத்தில் நீர் குறையத் தொடங்கியதும் ப்ளம்பரை அழைக்கிறார்கள். அவரும் வந்து பார்த்துவிட்டு, வால்வு போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். மல்டிபோர்ட் வால்வு எனப்படும் அந்தப் பெரிய வால்வில் ஏற்படும் கசிவுகளில் பல, உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் கேஸ்கெட்டையும் ஓ-ரிங் எனப்படும் ஓரிரு ரப்பர் வளையங்களையும் மாற்றினாலே தீரக்கூடியவை. அந்த வேலைக்கு ஸ்க்ரூடிரைவர், சிறிய ஸ்பேனர் ஆகியவற்றைத் தாண்டிப் பெரிய கருவிகள் தேவைப்படுவதில்லை. எந்த வால்வு பழுது என்று சரியாகக் கண்டுபிடிப்பதும், அதைத் திறப்பதற்கு முன் நீரையும் மின்சாரத்தையும் முழுமையாக நிறுத்துவதும்தான் கடினமான பகுதி. அதனால் இக்கட்டுரையின் கணிசமான பகுதி, கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே செலவாகிறது.

இங்கே சொல்லப்படுபவை, தரைக்குள் கட்டப்பட்டு, சாண்ட் ஃபில்டர் எனப்படும் மணல் வடிகட்டி பொருத்தப்பட்ட குளங்களுக்கு உரியவை.

நீர் போகும் வழி

பம்ப் அறைக்குள் சென்றதும் முதலில் நீர் ஓடும் திசையைக் குழாய் குழாயாகப் பின்தொடர்ந்து பாருங்கள். குளத்தின் அடியிலுள்ள மெயின் டிரெயின், மேல்மட்ட நீரை இழுக்கும், விளிம்பிலுள்ள ஸ்கிம்மர், தரையைச் சுத்தம் செய்வதற்கான வேக்குவம் பாயின்ட் ஆகிய மூன்றிலிருந்தும் தனித்தனிக் குழாய்கள் வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பால் வால்வை (உள்ளே துளையிட்ட பந்து சுழன்று நீரைத் திறந்து மூடும் வால்வு) கடந்து, ஒன்றாகச் சேர்ந்து பம்பின் முன்னாலிருக்கும் கூடைக்குள் இறங்கும். இது உறிஞ்சும் பக்கம். பம்பிலிருந்து வெளியேறும் நீர் மல்டிபோர்ட் வால்வுக்குள் நுழைந்து, அது காட்டும் வழியில் மணல் தொட்டிக்குள் சென்று வடிகட்டப்பட்டு, மீண்டும் அதே வால்வு வழியாக வெளியே வந்து, ரிட்டர்ன் குழாய் வழியே குளத்துக்குத் திரும்பும். இது அழுத்தப் பக்கம். மல்டிபோர்ட்டில் இன்னொரு வாயும் உண்டு. அதுதான் கழிவுநீர் செல்லும் வேஸ்ட் குழாய். அதன் தொடக்கத்தில் சைட் கிளாஸ் என்ற சிறிய கண்ணாடிக் குமிழ் இருக்கும். குமிழ் மங்கிப்போய் உள்ளே எதுவும் தெரியாத நிலையில் இருந்தால், அதைக் கழற்றிக் கழுவுவதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சோதனைகள் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன.

மல்டிபோர்ட்டின் கைப்பிடிக்கு வழக்கமாக ஆறு நிலைகள் உண்டு: ஃபில்டர் (வடிகட்டுதல்), பேக்வாஷ் (நீரை மணலில் எதிர்த்திசையில் ஓட்டி அழுக்கை வெளியேற்றுதல்), ரின்ஸ் (அதன்பின் மணலை அலசுதல்), வேஸ்ட் (வடிகட்டாமல் நீரை வெளியேற்றுதல்), ரீசர்குலேட் (வடிகட்டாமல் குளத்துக்கே திருப்புதல்), க்ளோஸ்டு (முழு அடைப்பு). கைப்பிடியை அழுத்தித் திருப்பும்போது உள்ளே ரோட்டர் எனப்படும் வட்டத் தட்டு சுழன்று, நீருக்கான வழியை மாற்றுகிறது. ரோட்டருக்கும் வால்வின் உடலுக்கும் இடையே, வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல நடுவிலிருந்து விரியும் ரப்பர் ஒன்று கிடக்கும். அதன் பெயர் ஸ்பைடர் கேஸ்கெட். ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்கு நீர் தாவிவிடாமல் தடுப்பது அதுவே. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது கைப்பிடியைத் திருப்பினால், நீரின் அழுத்தம் அந்த ரப்பரைப் பள்ளத்திலிருந்து பிடுங்கி மடித்துவிடும். கேஸ்கெட் கெடுவதற்கு வயதைவிட இந்த அவசரம்தான் அடிக்கடி காரணமாகிறது. பம்பை நிறுத்திவிட்டுத்தான் கைப்பிடியைத் தொட வேண்டும் என்று வால்வின் அருகிலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவது, எந்த உதிரிபாகத்தையும்விட மலிவானது.

குறை எங்கே இருக்கிறது

குளத்தில் நீர் குறைகிறது என்பது மட்டும் வால்வின் மீது குற்றம் சாட்டப் போதாது. கோடையில் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஆவியாவது இயல்பே. முதலில் வாளிச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பிக் குளத்தின் படியில் வையுங்கள். வாளிக்குள்ளும் வெளியிலும் நீர் ஒரே மட்டத்தில் இருக்கும்படி செய்து, இரண்டு மட்டங்களையும் வாளியிலேயே குறித்து வையுங்கள். 24 மணி நேரம் கழித்து வெளி மட்டம், உள் மட்டத்தைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. ஒருநாள் பம்பை ஓடவிட்டும் மறுநாள் நிறுத்தி வைத்தும் இதைச் செய்தால், ஓடும்போது மட்டும் நீர் போகிறதா என்பதும் தெரிந்துவிடும். நீர் குறைந்தால் தானாக நிரப்பும் மிதவை வால்வு இருந்தால், சோதனை முடியும்வரை அதை மூடி வைக்க வேண்டும். விளிம்பில் நீர் வழிந்தோடும் வகைக் குளங்களில் குறைவு குளத்தில் தெரியாது. வழிந்த நீர் சேரும் பேலன்சிங் டேங்கில்தான் தெரியும். அங்கே மட்டத்தைக் குறியுங்கள்.

இழப்பு சிறிதாகத் தோன்றலாம், ஆனால் கணக்கு அப்படி இல்லை. 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் 500 லிட்டர் போய்விட்டது என்று பொருள். நாள்தோறும் அவ்வளவு போனால், 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் 24 நாட்களில் சாக்கடையில் கலந்திருக்கும்.

கசிவு உறுதியானதும் சைட் கிளாஸைப் பாருங்கள். கைப்பிடி ஃபில்டர் நிலையில் இருந்து, பம்ப் ஓடும்போது, குமிழுக்குள் நீர் ஓடினால் அது பெரும்பாலும் ஸ்பைடர் கேஸ்கெட்டின் வேலை. பம்ப் அறை குளத்து மட்டத்துக்குக் கீழே, பேஸ்மென்ட்டில் இருந்தால், பம்ப் நின்ற பிறகும் இந்தக் கசிவு தொடரும். வடிகட்டி நன்றாக இருந்தும், மருந்து சரியாகப் போட்டும், குளம் தெளியாமலே இருப்பதும் சில நேரங்களில் இதே கேஸ்கெட்டால்தான்: வடிகட்டப்படாத நீரின் ஒரு பகுதி உள்ளுக்குள்ளேயே தாவி நேரே குளத்துக்குத் திரும்பிவிடுகிறது.

கைப்பிடியின் தண்டைச் சுற்றிச் சொட்டினால் தண்டின் ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது. மூடிக்கும் உடலுக்கும் நடுவே கசிந்தால் மூடியின் ஓ-ரிங். குழாய் வந்து சேரும் யூனியனில் (நட்டைத் திருகிக் கழற்றக்கூடிய இணைப்பில்) கசிந்தால் யூனியனுக்குள் இருக்கும் ஓ-ரிங். அங்கே மரையின் மேல் டெஃப்லான் டேப் சுற்றிப் பயனில்லை, ஏனெனில் யூனியனில் நீரைத் தடுப்பது மரை அல்ல. கைப்பிடியை அழுத்தும்போது எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இருந்தால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அப்போது கேஸ்கெட் புதிதாக இருந்தாலும் ரோட்டர் அதன்மேல் அழுந்தி உட்காராது.

வால்வு அல்லாத குறைகளையும் இந்த இடத்திலேயே விலக்கிவிடுவது நல்லது. குளத்தில் மணல் துகள்கள் தொடர்ந்து வருமானால், மணல் தொட்டியின் அடியில் வடிகட்டிய நீரைச் சேகரிக்கும் லேட்டரல் குழாய்களில் ஒன்று உடைந்திருப்பதே பெரும்பாலும் காரணம். ஃபில்டர் நிலையில் நீர் மெதுவாகத் திரும்பி, ரீசர்குலேட்டில் வேகமாகத் திரும்பினால், அடைத்திருப்பது மணல். பேக்வாஷ் செய்தால் சரியாகும். ரிட்டர்ன் வாயில் காற்றுக்குமிழ்கள் வந்தால் கசிவு உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. பம்ப் ஓடும்போது அந்தப் பக்கம் நீரை வெளியே விடாமல் காற்றை உள்ளே இழுக்கும். ஆகவே ஈரத்தைத் தேடி அங்கே கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. கூடையின் மூடியிலும் பால் வால்வின் தண்டிலும் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். நுரை உள்ளே இழுபடும் இடமே குறையுள்ள இடம்.

திறப்பதற்கு முன்

பம்பின் எம்சிபியை (மின்பெட்டியிலுள்ள சர்க்யூட் பிரேக்கர் சுவிட்சை) இறக்குங்கள். சுவரிலுள்ள ஸ்டார்ட்டரை மட்டும் நிறுத்துவது போதாது, ஏனெனில் பல குளங்களில் பம்பை டைமர் தானாக இயக்கும். வால்வு திறந்து கிடக்கும் நேரத்தில் அது ஓடத் தொடங்கினால் அறை நிறைந்துவிடும், கையும் உள்ளே இருக்கலாம். டைமரையும் தனியாக நிறுத்திவிட்டு, எம்சிபி பெட்டியின்மேல் வேலை நடப்பதாக ஓர் அட்டையைத் தொங்கவிடுங்கள். பூட்ட முடிந்தால் பூட்டுங்கள். தரை ஈரமாக இருக்கப்போகும் அறையில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

அடுத்து நீர். பேஸ்மென்ட் பம்ப் அறையில் இதில் தவறினால் திரும்ப வழியில்லை. உறிஞ்சும் பக்கத்து பால் வால்வுகள் எல்லாவற்றையும் மூட வேண்டும். ரிட்டர்ன் வால்வையும் மூட வேண்டும். புதியவர்கள் மறப்பது ரிட்டர்னைத்தான். பம்ப் நின்றுவிட்டதால் அந்தக் குழாயில் நீர் வராது என்று நினைக்கிறார்கள். குளம் மேலே, அறை கீழே இருக்கும்போது அதே குழாய் வழியாகக் குளம் பின்னோக்கி இறங்கும். மூடிய பிறகு மணல் தொட்டியின் காற்றுத் திறப்பை மெதுவாகத் திறந்து, பிரஷர் கேஜ் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருங்கள். தொட்டிக்குள் காற்று அழுந்தியிருக்கும் நிலையில் அதன் கிளாம்ப்பையோ வால்வின் மூடியையோ தளர்த்தினால், மூடி ஆளைக் கொல்லும் வேகத்தில் எகிறக்கூடும். பின்பு பம்ப் கூடையின் வடிகால் அடைப்பானைத் திறந்து, நீர் சற்று நேரத்தில் நின்றுபோகிறதா என்று பாருங்கள். ஓடிக்கொண்டே இருந்தால் மூடிய வால்வுகளில் ஒன்று உண்மையில் மூடவில்லை; அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போகக் கூடாது. பக்கவாட்டில் வால்வு பொருத்திய தொட்டியாக இருந்தால், தொட்டியின் அடி வடிகாலையும் திறந்து, நீர்மட்டம் வால்வுக்குக் கீழே இறங்கும்வரை விட வேண்டும்.

பம்ப் அறையிலேயே குளோரின் மருந்தையும் ஆசிட்டையும் அடுக்கி வைக்கும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளோடு ஆசிட் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். அதே தூளோடு டிரைகுளோர் என்ற இன்னொரு வகைக் குளோரின் மாத்திரை சேர்ந்தால் தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடும். தரையில் நீர் ஓடப்போகும் நாளில் இவை அனைத்தையும் தனித்தனியாக அறைக்கு வெளியே எடுத்து வையுங்கள்; கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

மல்டிபோர்ட்டைத் திறந்து கேஸ்கெட்டை மாற்றுதல்

உதிரிபாகத்தை முன்கூட்டியே வாங்கி வைப்பதானால், வால்வின் தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், குழாய் அளவு, வால்வு தொட்டியின் தலையில் இருக்கிறதா பக்கவாட்டில் இருக்கிறதா என்ற நான்கையும் குறித்துச் செல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஸ்பைடர் கேஸ்கெட் பார்வைக்கு ஒத்திருந்தாலும் இன்னொன்றின் பள்ளத்தில் உட்காராது. அதோடு தண்டுக்கும் மூடிக்கும் உரிய ஓ-ரிங்குகள், தேவையானால் ஸ்பிரிங், ஒரு சிறு குழல் சிலிக்கான் கிரீஸ் ஆகியவற்றையும் வாங்குங்கள். வண்டிக்குப் போடும் கிரீஸும் வாசலினும் ஆகாது. பெட்ரோலியப் பொருள்கள் இந்த ரப்பர்களை உப்பவைத்து இளக்கிவிடும்.

மூடியிலிருந்து உடல்வரை குறுக்கே ஒரு கோட்டை அழியாத மார்க்கரால் வரையுங்கள். சில வால்வுகளில் மூடி ஒரே விதமாகத்தான் உட்காரும், சிலவற்றில் எப்படித் திருப்பி வைத்தாலும் உட்காரும். இரண்டாவது வகையில் மூடி இடம் மாறினால், கைப்பிடி ஃபில்டர் என்று காட்டும்போது உள்ளே பேக்வாஷ் நடக்கும். கோடு வரைந்த பின் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடியின் ஸ்க்ரூக்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்திக் கழற்றுங்கள். அடியில் தனி நட்டுகள் இருந்தால் அவை உதிர்ந்து குழாய்க்குள் விழாதபடி கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். மூடியை நேரே மேலே தூக்கினால் கைப்பிடி, தண்டு, ஸ்பிரிங், ரோட்டர் எல்லாம் ஒரே தொகுதியாக வெளியே வரும். கைப்பிடியின் குறுக்கே செல்லும் ஊசியை இப்போது தட்டி எடுத்துவிடாதீர்கள். அழுந்தியிருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது அதுதான். தண்டின் ஓ-ரிங்கையோ ஸ்பிரிங்கையோ மாற்றுவதானால் மட்டுமே அதை எடுக்க வேண்டும்; அதற்கு ஒருவர் ரோட்டரை மூடியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க, மற்றவர் ஊசியை வெளியே தள்ளுவது பாதுகாப்பானது. ஸ்பிரிங்கின் மேலும் கீழும் இருக்கும் வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்பதையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

வால்வின் உடலுக்குள் பாருங்கள். சரியான கேஸ்கெட் பள்ளத்தில் எல்லாப் பக்கமும் சமமாகப் படிந்திருக்கும். கெட்டதில் ஓர் ஆரம் எழும்பியோ, முறுக்கியோ, அறுந்தோ இருக்கும்; சில நேரம் ஒரு சிறு கூழாங்கல் அதன்மேல் சிக்கியிருக்கும். வெளியே எடுக்கும் முன் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கவனியுங்கள், ஏனெனில் இரு முகங்களும் ஒன்றுபோல இல்லாத கேஸ்கெட்டுகள் உண்டு. முனை மழுங்கிய கருவியால் நெம்பி எடுங்கள். கூரான ஸ்க்ரூடிரைவர் பள்ளத்தைக் கீறிவிட்டால், புதிய ரப்பரும் அந்தக் கீறல் வழியாகக் கசியும்.

இப்போது முடிவெடுக்க வேண்டிய இடம் வருகிறது. ரப்பர் போன பிறகு தெரியும் பிளாஸ்டிக் தடுப்புச் சுவர்களைத் துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் விரலால் தடவிப் பாருங்கள். விரிசல் இருந்தாலோ, தடுப்பின் விளிம்பு தேய்ந்து பள்ளமாகியிருந்தாலோ, ரோட்டரின் முகம் வளைந்திருந்தாலோ, கேஸ்கெட்டை மாற்றுவது வீண். அப்போதுதான் முழு வால்வையும் மாற்ற வேண்டும். விரிசலை எம்-சீல் வைத்து அடைக்கும் யோசனை எல்லோருக்கும் வரும். ரோட்டர் சுழலும் இடத்தில் மயிரிழை அளவு மேடு இருந்தாலும் ரப்பர் நீரை அடைத்துப் பிடிக்காது.

உடல் நன்றாக இருந்தால் பள்ளத்தைப் பழைய பசையும் மணலும் இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். போர்வெல் நீர் நிரப்பிய குளங்களில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். வினிகரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்தால் இளகிவரும், சுரண்ட வேண்டியதில்லை. பழைய கேஸ்கெட் பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தால், புதியதையும் மிக மெல்லிய பசைக்கோட்டில் ஒட்டி, காய்ந்த பிறகே மூடுங்கள். பசையில்லாமல் வெறும் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தால் புதியதும் அப்படியே இருக்கட்டும். ஆரங்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விரலால் அழுத்திக்கொண்டே போய் வட்ட விளிம்பில் முடிப்பது, ரப்பர் இழுபடாமல் உட்கார உதவும். ஓ-ரிங்குகளில் சிலிக்கான் கிரீஸை மினுக்கம் தெரியும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். மூடியைக் கோட்டுக்குக் கோடு பொருத்தி வைத்து, ஸ்க்ரூக்களை எதிரெதிராக இரண்டு மூன்று சுற்றுகளில் சமமாக இறுக்குங்கள். பிளாஸ்டிக் மூடியில் பலத்தைக் காட்டினால் அது வளைந்து, நீங்கள் அடைக்க நினைத்த கசிவையே உண்டாக்கும்.

பால் வால்வை மாற்றுதல்

உறிஞ்சும் பக்கத்திலும் ரிட்டர்னிலும் இருக்கும் பால் வால்வுகள் பொதுவாகக் கெடுவது பயன்பாட்டால் அல்ல, பயன்படுத்தாமையால். மாதக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த பந்து, படிந்த உப்பால், அது உட்கார்ந்திருக்கும் வளையத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அவசரத்தில் யாரோ பைப் ரெஞ்சைப் போட்டு முறுக்க, கைப்பிடி கையோடு வந்துவிடுகிறது. திரும்ப மறுக்கும் வால்வை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இருபுறமும் யூனியன் உள்ள வால்வாக இருந்தால் வேலை எளிது. இரண்டு பெரிய நட்டுகளையும் தளர்த்தினால் நடுப்பகுதி மட்டும் கழன்று வந்துவிடும். இவ்வகையில் பலவற்றில், கைப்பிடியை உருவித் திருப்பிப் பார்த்தால் அதன் அடியில் இரண்டு பற்கள் இருக்கும். பந்தைப் பிடித்திருக்கும் வளையத்தைத் திருக அதுவே சாவி. வளையத்தைச் சற்று இறுக்கினாலே சிறு கசிவுகள் நின்றுவிடுவதுண்டு.

ஒட்டிய வால்வாக இருந்தால் அறுக்கத்தான் வேண்டும். அதற்கு முன் குழாயின் அளவை உறுதிசெய்யுங்கள். இந்த வேலையில் அதிகப் பணம் வீணாகும் இடம் இதுவே. கடையில் இரண்டு அங்குலம் என்று கேட்டால் இரண்டு வெவ்வேறு பொருள்கள் கிடைக்கும். இந்தியத் தரமான ஐஎஸ் 4985 என்று அச்சிட்ட மெட்ரிக் குழாயின் வெளி விட்டம் 63 மில்லிமீட்டர். ஏஎஸ்டிஎம் எனும் அமெரிக்கத் தரத்தைச் சேர்ந்த, ஷெட்யூல் 40 அல்லது 80 என்று அச்சிட்ட இரண்டு அங்குலக் குழாயின் வெளி விட்டம் 60.3 மில்லிமீட்டர். ஒன்றரை அங்குலத்தில் இதே வேறுபாடு 50-க்கும் 48.3-க்கும் இடையில். வெர்னியர் இல்லையென்றால் குழாயைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அளந்து பாருங்கள்: 63 குழாயின் சுற்றளவு சுமார் 198 மில்லிமீட்டர், 60.3 குழாய்க்குச் சுமார் 189. சிறிய குழாயைப் பெரிய சாக்கெட்டில் (குழாய் செருகும் வாயில்) வைத்துச் சால்வென்ட் சிமெண்ட் எனும் குழாய்ப் பசையால் இடைவெளியை நிரப்ப முடியாது. அந்தச் சிமெண்ட் இரண்டு பரப்புகளையும் கரைத்து இணைப்பதே தவிர இடத்தை அடைப்பதில்லை. குழாயைத் தீயில் காட்டி விரித்துச் செருகும் வழக்கமும் கூடாது; சுவர் மெலிந்து, சில மாதங்களில் அந்த இடமே பிளக்கும். மரை வைத்த வால்வாக இருந்தால், அமெரிக்க வால்வுகளில் உள்ள என்பிடி மரையும் நம்மூர் பிஎஸ்பி மரையும் இந்த அளவுகளில் ஓரிரு சுற்று பொருந்துவதுபோல் போய்ப் பிறகு இறுகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முன்னதில் அங்குலத்துக்கு 11.5 மரைகள், பின்னதில் 11.

அறுக்கும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 63 மில்லிமீட்டர் சாக்கெட்டின் ஆழம் சுமார் 38 மில்லிமீட்டர். ஆகவே வால்வின் இருபுறமும் குறைந்தது நான்கு சென்டிமீட்டர் நேர்க்குழாய் மிஞ்ச வேண்டும். வால்வை எல்போவோடு நெருக்கி ஒட்டியிருந்தால், எல்போவையும் சேர்த்தே மாற்றும்படி திட்டமிடுங்கள்.

நேராக அறுத்து, உள்ளும் புறமும் பிசிறை நீக்கி, பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து, எவ்வளவு ஆழம் செல்ல வேண்டும் என்று குறியுங்கள். மாற்றும்போது யூனியன் வால்வையே போடுங்கள். அடுத்த முறை அறுக்க வேண்டியிராது. யூனியன் நட்டை முதலில் குழாயில் கோத்துவிட்டு, பிறகுதான் அதன் முனைத் துண்டை ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் நட்டு மேசைமேல் கிடப்பதைப் பார்த்தால் மீண்டும் அறுப்பதைத் தவிர வழியில்லை. ஒட்டும்போது முனைத் துண்டு வால்விலிருந்து தனியாக இருப்பது நல்லது, சிமெண்ட் வழிந்து பந்தில் ஒட்டாது. இரு பரப்புகளையும் கிளீனரால் துடைத்து, இரண்டிலும் சிமெண்ட் பூசி, கால் சுற்று திருப்பியபடி குறிவரை தள்ளி, அரை நிமிடம் அசையாமல் பிடித்திருங்கள். நீர் விடுவதற்கு முன் 24 மணி நேரம் காத்திருப்பது பாதுகாப்பானது. சிமெண்டின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். பேஸ்மென்ட்டில் மின்விசிறி வைத்துக் காற்றை வெளியே தள்ளுங்கள், யாரையும் புகைக்க விடாதீர்கள்.

குளத்துக்கும் பழுதான வால்வுக்கும் நடுவே வேறு வால்வே இல்லாதபோது என்ன செய்வது? ஸ்கிம்மரையும் ரிட்டர்ன் வாய்களையும் திருகினால் விரியும் ரப்பர் அடைப்பான்களால் குளத்துப் பக்கமிருந்தே மூடலாம். மெயின் டிரெயின் அப்படியல்ல. அதன் மூடியைக் கழற்றி அடைப்பதற்கு ஒருவர் நீருக்கடியில் செல்ல வேண்டும். பம்ப் தற்செயலாக ஓடினால் உறிஞ்சும் விசை தலைமுடியையோ கையையோ பிடித்து ஆளை அடியிலேயே வைத்துவிடும். அதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். அப்படியானால் குளத்தையே காலி செய்துவிடலாமே என்று தோன்றும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நிலத்தடி நீர் மேலேறியிருக்கும் கடற்கரைப் பகுதிகளில், அதைச் செய்யக் கூடாது. உள்ளிருக்கும் நீரின் எடைதான் வெளியிலிருந்து மேல்நோக்கித் தள்ளும் நீரைச் சமாளிக்கிறது. காலியான குளம் எழும்பும், அல்லது தரை வெடிக்கும். வால்வுக் கசிவைக் கோடைவரை ஒரு வாளி வைத்துப் பொறுத்துக்கொள்வது அதைவிட மேல்.

மீண்டும் இயக்குதல்

திறந்த வடிகால்களை மூடுங்கள். கூடையை நீரால் நிரப்பி மூடியை இறுக்குங்கள். பம்ப் வறண்டு ஓடினால் அதன் மெக்கானிக்கல் சீல் சூடேறிக் கெடும். உறிஞ்சும் வால்வுகளையும் ரிட்டர்னையும் மெதுவாகத் திறந்து, பம்ப் ஓடாத நிலையிலேயே எல்லா இணைப்புகளையும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். காற்றுத் திறப்பு திறந்தே இருக்கட்டும். கைப்பிடி எந்த நிலையிலிருந்தாலும் க்ளோஸ்டு நிலையில் மட்டும் இருக்கக் கூடாது. அந்நிலையில் பம்ப் ஓடினால் நீருக்குப் போக்கிடமில்லை.

முதலில் பேக்வாஷில் வைத்து, சைட் கிளாஸ் தெளியும்வரை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டுங்கள். வேலையின்போது உள்ளே விழுந்தவை வெளியேறிவிடும். நிறுத்தி, ரின்ஸில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்வரை ஓட்டுங்கள். மீண்டும் நிறுத்தி ஃபில்டருக்கு மாற்றி இயக்குங்கள். தொட்டியின் காற்றுத் திறப்பிலிருந்து நீர் பீறிட்டதும் அதை மூடிவிட்டு, கேஜ் காட்டும் அழுத்தத்தைத் தேதியோடு தொட்டியின் மேலேயே எழுதி வையுங்கள். சுத்தமான மணலின் அளவு அது. பின்னாளில் கேஜ் அதைவிட அரை கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) ஏறும்போது பேக்வாஷ் செய்ய வேண்டும்.

இப்போது சைட் கிளாஸில் நீர் அசையாமல் நிற்க வேண்டும். முதல் சில நிமிடங்களில் குழாயில் தேங்கியிருந்த நீர் வடிவது குறையல்ல. கால் மணி நேரம் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தால், பம்பை நிறுத்தி, முதலில் மூடியில் வரைந்த கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் கேஸ்கெட்டின் ஓர் ஆரம் மூடும்போது எழும்பியிருக்கிறது, மறுபடி திறக்க வேண்டும். கசிவு இல்லையென்றால் மறுநாள் ஒருமுறை, பம்ப் நின்றிருக்கும்போது, மூடியின் ஸ்க்ரூக்களைத் தொட்டுப் பார்த்து, தளர்ந்தவற்றை மட்டும் லேசாக இறுக்குங்கள். வாளிச் சோதனையையும் அன்றே மறுபடி தொடங்கிவிடலாம்.